மூலேக்கரிக்கு ஒரு சேதி

கரையில் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வள்ளம் வளைவு திரும்பியதும் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். வள்ளத்தில் இருந்த இளம் பாதிரியார் ஈப்பன் அச்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

புதிதாகப் பொறுப்பேற்க ஒரு பாதிரியார் வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் வந்தது மூலேக்கரிக் கோயிலை நடத்த அல்ல, மூட.

பிஷப் திருமேனியின் அரமனையில் அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நீ போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வா" என்று திருமேனி இந்தப் பாவத்தை அவர் தலையில் கட்டிவிட்டார்.

வள்ளம் வேறு நேராகப் போவேனா என்றது. இந்தக் கரையில் ஒரு இடி, அந்தக் கரையில் ஒரு இடி. கழி ஊன்றிய சாண்டிக்கு வேர்த்து வழிந்தது.

"சாண்டிச்சா, மூணு வருஷமா ஊன்றியும் வள்ளம் உன் பேச்சைக் கேக்கலையே" என்று கரையிலிருந்து சோசாம்மா சிரித்தாள். சபையின் செயலாளர் அவள்தான். "அச்சனைத் தண்ணியில தள்ளி மறுபடியும் ஞானஸ்நானம் குடுத்துடாத."

"நீந்தத் தெரியுமான்னு கேட்டுத்தான் ஏத்தினேன்" என்றார் சாண்டி.

கோயில் என்று அவர்கள் கூட்டிப்போனது சோசாம்மாவின் பழைய வாத்துக் கொட்டில். தரையைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். சுவரில் ஒரு மரச்சிலுவை, கீழே நாலு பெஞ்சு. வாத்துகள் இன்னும் உரிமையோடு உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தன.

ஈப்பன் அச்சன் தொண்டையைச் செருமினார். "நான் உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க அச்சோ. வெறும் வயித்துல எந்த விஷயமும் பெருசாத் தெரியும்" என்று சோசாம்மா பெஞ்சைக் காட்டினாள்.

வாழையிலையில் கப்பைக்கிழங்கும் மீன் கறியும் வந்தன. பொரித்த கரிமீன் இலைக்கு வெளியே வால் நீட்டியது.

"இது நம்ம கோயில் மீனு" என்றாள் சோசாம்மா.

"கோயில் மீனா?"

"முதல் தடவை அஸ்திவாரம் போட்டோம். சேறு முழுங்கிடுச்சு. ரெண்டாவது தடவை சுவர் இடுப்பளவு எழும்புச்சு. வெள்ளம் வந்து தள்ளிட்டுப் போயிடுச்சு. மூணாவது தடவை கல்லு ஏத்தி வந்த பெரிய வள்ளமே அதோ அந்த வளைவுல கவுந்துபோச்சு. மீனெல்லாம் அந்தக் கல்லு இடுக்குல குடியேறிடுச்சு. அதுக்கப்புறம் எங்களுக்குக் கரிமீனுக்குப் பஞ்சமே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஈப்பன் அச்சன் மட்டும் எடுத்த கிழங்கை இலையிலேயே வைத்துவிட்டார். இத்தனை அடி வாங்கியவர்கள்மேல் நாலாவது அடியாக விழப்போவது தன் கை அல்லவா.

இலையை மடித்ததும் எழுந்து நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்த பக்குவத்தை மறந்து, போட்டு உடைத்துவிட்டார். "மூலேக்கரியில இனிமே கோயில் கட்டறதில்லைன்னு திருமேனி தீர்மானிச்சுட்டார். உங்களையெல்லாம் அக்கரைக் கோயில்ல சேர்த்துக்குவாங்க. என்னை மன்னிக்கணும்."

யாரும் அழவில்லை. கோபப்படவும் இல்லை. சோசாம்மா கை கழுவிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டாள்.

"கட்டக்கூடாதுன்னுதானே அச்சோ சொன்னார்? கூடக்கூடாதுன்னு சொன்னாரா?"

ஈப்பன் அச்சன் யோசித்தார். "அப்படிச் சொல்லல."

"அப்போ சரி. பெருநாளுக்கெல்லாம் அக்கரைக்கு வர்றோம். மத்த நாள்ல இங்கயே கூடுறோம். ரெண்டு பேர், மூணு பேர் கூடினாலே கர்த்தர் வருவேன்னு சொல்லியிருக்கார். இங்க முப்பது பேர் இருக்கோம், வாத்தைச் சேர்க்காம. வந்தது வந்தீங்க, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

அவர் ஜெபத்தைத் தொடங்கினார். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பாதியில் குரல் உடைந்தது. மீதியைப் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எடுத்தாள், அங்கிருந்து இன்னொருவர். பெய்த மழைக்கும், நின்ற மழைக்கும், கரிமீனுக்கும், திருமேனியின் முழங்கால் வலிக்கும், இந்தச் சேதியைச் சுமந்து வந்த சின்ன அச்சனுக்கும் ஜெபித்தார்கள். பிறகு பாடினார்கள். கொட்டிலின் கூரை பறந்துவிடும் போலிருந்தது.

அரமனையின் பளிங்குக் கோயிலில் இப்படி ஒரு பாட்டை அவர் கேட்டதே இல்லை.

வெயில் தாழ வள்ளத்தில் ஏறினார். மடியில் ஒரு டஜன் வாத்து முட்டை. வேண்டாம் என்றதற்கு, "திருமேனிக்கு" என்று திணித்துவிட்டாள் சோசாம்மா. பாட்டு கரையைத் தாண்டியும் கூடவே வந்தது.

"இவங்களுக்குக் கோபமே வராதா சேட்டா?" என்று சாண்டியைக் கேட்டார்.

"வரும் அச்சோ. உப்பு குறைஞ்சா வரும்."

ஈப்பன் அச்சன் சிரித்துவிட்டார்.

"மூடிட்டு வான்னு அனுப்பினார் திருமேனி. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வந்து பூசை வைக்கட்டுமான்னு கேக்கத் தோணுது எனக்கு. அரமனையில சிரிக்க மாட்டாங்களா? இப்படி ஒரு ஆளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

சாண்டி கழியை ஊன்றுவதை நிறுத்தினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே சேதியைச் சொல்லத்தான் அச்சோ அரமனையிலிருந்து வந்தேன்."