நான் சொல்ற வரைக்கும்

ஏழு மாதக் கர்ப்பிணிக்கு வலப்பக்க வயிற்றில் விடாத வலி. அல்ட்ராசவுண்டில் குடல்வால் தெரியவில்லை. பெரிதாகிவிட்ட கர்ப்பப்பை அதை மேலே தள்ளி மறைத்திருந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார்கள். அங்கே குழந்தை புரண்டுகொண்டே இருந்ததில் படம் கலங்கிப்போனது.

"அப்படியே அவங்க அப்பா. ஒரு இடத்துல இருக்காது," என்றாள் அவள், அந்த வலியிலும்.

ஸ்கேன் ஆபரேட்டர் மைக்கில் விளையாட்டாகச் சொன்னார். "தங்கம், நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது, சரியா?"

அடுத்த படம் பளிச்சென்று வந்தது. குடல்வால் வீங்கியிருந்தது. உடனே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் டாக்டர் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார். சீராகத்தான் இருந்தது.

"ஆனா ஸ்கேன் எடுத்ததுல இருந்து ஒரு உதை கூட இல்ல டாக்டர்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "ஸ்கேன் எடுத்தவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. அசையலாம்னு அவர் சொல்லவே இல்ல."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆளனுப்பினார்.

ஆபரேட்டர் வார்டுக்கு வந்து கட்டிலருகே கூச்சத்தோடு குனிந்தார். "முடிஞ்சிருச்சு தங்கம். இப்ப அசையலாம்."

போர்வை ஓரிடத்தில் எழும்பித் தாழ்ந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவர் நிமிர்ந்தார். வரிசையாக மற்ற கட்டில்களில் இருந்த கர்ப்பிணிகளில் ஒருத்திக்கும் அவர் ஸ்கேன் எடுத்ததில்லை. அத்தனை பேரும் அப்போதுதான் உதைபட்ட வயிற்றில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.