உத்தரவு மாறிடுச்சு

சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் பெரியப்பாவின் பேச்சைக் கேட்டாக வேண்டும்.

"இன்னும் ஒரே வருஷம்! மலையில ஒளிஞ்சிருக்கிற கலகக்காரங்களைத் துடைச்சி எறிஞ்சிடுவோம்!"

நாடாளுமன்ற உறுப்பினரான பெரியப்பா, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். போரை நீட்டிக்கலாமா என்று அன்றைக்கு விவாதம், ஓட்டெடுப்பு.

"போன வருஷமும் ஒரே வருஷம்னுதானே சொன்னீங்க பெரியப்பா?" என்றாள் தம்பி மகள். யார் குரலிலும் அப்படியே பேசிக் காட்டுவாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் 'ரேடியோ'.

"போன வருஷமும் தலைவர் அப்படித்தான் சொன்னாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கிறதுக்குத்தான் தலைவர் இருக்காரே!"

கட்சித் தலைவர் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில். உத்தரவெல்லாம் போனில்தான் வரும்.

ரேடியோவின் அண்ணன் அந்த மலையில் சிப்பாய். தீர்மானம் ஜெயித்தால் இன்னொரு வருஷம் அங்கேதான், உயிரோடிருந்தால்.

அவள் நைசாக மாடிக்கு நழுவினாள். கூடத்தில் போன் அடித்தது.

"என்னய்யா..." தலைவரின் அதே கரகரப்பு, நடுவில் இரண்டு இருமல். பெரியப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"உத்தரவு மாறிடுச்சு. இந்தப் போரை ஜெயிக்க முடியாது. ஒருத்தனைச் சுட்டா அவன் தம்பி துப்பாக்கியைத் தூக்குறான். பேச்சுவார்த்தைதான் வழின்னு பேசு."

"அப்படியேங்கய்யா!"

பேசினார். சபையே ஆடிப்போனது. ஒரே ஓட்டில் தீர்மானம் கவிழ்ந்தது!

சாயங்காலம் வாசலில் சிப்பாய்களின் குடும்பங்கள். ஒரே விசில், கைதட்டல். ரேடியோவின் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"எல்லாம் தலைவர் புத்தி" என்று பெரியப்பா நெளிந்துகொண்டிருந்தபோது, மறுபடி போன்.

"யோவ்! யாருய்யா உன்ன அப்படிப் பேசச் சொன்னது?"

"நீங்கதானேய்யா... காலையில..."

"காலையில எனக்கு ஆபரேஷன்யா! இப்பத்தான் மயக்கமே தெளிஞ்சுது!"

பெரியப்பாவின் கண்கள் மெல்ல மெல்ல மாடிப்படி ஏறின. மேலே ரேடியோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கேக்குறேன்ல? யாரு சொன்னா?"

அவர் ஒரு தடவை வாசலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் வந்தது, ரேடியோவே அதுவரை கேட்டிராத ஒரு குரல்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் பேசினேன்."