இரண்டு தட்டு

வெர்னன் தன் காரேஜில் ஏழு வருடமாகக் கட்டிய அலுமினிய விமானத்தின் வாலுக்குள் டார்ச்சோடு தலையை நீட்டிய ஸ்கோகன், வெகுநேரம் அதை வெளியே எடுக்கவில்லை. விமானச் சங்கத்துப் பரிசோதகர் அவர்.

"தகட்டை இணைக்கிற ரிவெட் ஆணியில பாதி கோணிக் கிடக்கே! அடிக்கும்போது உள்ள இருந்து இரும்புக்கட்டையால முட்டுக் கொடுத்தது யாரு?"

"நான்தான். வெளியில இருந்து அடிச்சது வெர்னன்," என்றாள் வெர்னனின் மனைவி டார்லீன்.

"உங்க கண்ணுல படலையா?"

"படாம என்ன? ரிவெட் அடிக்கிற மெஷின் சத்தத்துல பேச முடியுமா? நல்லா உட்கார்ந்தா தகட்டுல ஒரு தட்டு, கோணினா ரெண்டு தட்டு. அதான் எங்க ஏற்பாடு. கோணின ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தட்டினேன். அப்புறமா பிடுங்கிட்டு வேற அடிச்சிருப்பார்னு நினைச்சேன்."

"இனிமே பிடுங்கினா தகடே கிழிஞ்சிடும். காயலான் கடைக்குத்தான்." ஸ்கோகன் இறக்கை அருகே நின்ற வெர்னனிடம் வந்தார். "மன்னிச்சிடுங்க. இதுல யாரும் ஏறவே கூடாது."

வெர்னன் முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டியா டார்லீன்? முதல்ல நீதான் என்கூட ஏறப்போறே!"

டார்லீன் வெர்னனின் முதுகுக்குப் பின்னால் போய், தகட்டில் பலமாக இரண்டு முறை தட்டினாள்.

ஸ்கோகன் திடுக்கிட்டார். வெர்னன் திரும்பவில்லை.