கட்டைவிரல் பள்ளம்

என் ரிப்பேர் கடைக்கு ஒரு பெண் கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் மவுஸில், கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து குழிந்திருந்தது.

"செத்துப்போன எங்க வீட்டுக்காரரோடதுண்ணே. பாப்பா கையப் பிடிச்சு இதுலதான் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுப்பாரு. அந்தப் பள்ளத்தப் பாத்தாலே அவரு விரல்தான் தெரியுது. அடைச்சுக் குடுங்க."

"பாப்பா எங்கம்மா?"

"காய்ச்சல். வீட்ல தூங்குறா."

பட்டி வைத்து அடைத்தேன். கல்லாக இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்து, வழவழவென்று அவள்முன் வைத்தேன்.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில், அதே அளவில் பள்ளம் விழுந்தது.

பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று மெல்லக் குழிந்தது. ஒரு குழந்தையின் விரல் அளவு.

செருப்பைக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடினாள்.