சாகாத வேடம்

குளித்து முடித்து, ஈரத்தலையோடு கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

வெளியே சாப்பாட்டு மேஜையில் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டூடியோவாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்கு நான் மைக் முன்னால் நிற்க வேண்டும்.

இன்றைக்குப் போகாவிட்டால் வேடம் கைநழுவிவிடும். எனக்கு அடுத்ததாகத் தேர்வான பெண் ஸ்டூடியோ வாசலிலேயே தவம் கிடக்கிறாள்.

வீடியோ கேம்களில் குரல் கொடுப்பது என் பிழைப்பு. பத்து வருஷமாகச் செத்துக்கொண்டிருக்கிறேன். கத்திக்குத்து, தீ, மலையுச்சியிலிருந்து விழுவது, பேய் கழுத்தை நெரிப்பது என்று எல்லாச் சாவுக்கும் மூன்று அளவில் கத்தித் தர வேண்டும். சின்ன வலி, பெரிய வலி, உயிர் போகும் வலி. பேரில்லாத பெண்கள் அத்தனை பேரும் நான்தான். ஸ்டூடியோவில் எனக்கு ‘சாவு மேடம்’ என்றே பெயர்.

இந்த வேடம் அப்படியில்லை. கப்பல் தலைவி. பெயர் உண்டு, வசனம் உண்டு, வாய்விட்டுச் சிரிப்பதுகூட உண்டு. கதை முடியும்வரை சாக மாட்டாள். நேற்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். சந்தோஷம் என்றார். எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.

கதவைத் தோளால் இடித்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோள்தான் வலித்தது.

எட்டாத உயரத்தில் ஒரு சின்ன வென்டிலேட்டர். அதற்கு அப்பால் எல்லா வீட்டுக் குளியலறைகளுக்கும் பொதுவான சந்து. கீழே ஒருவர் தும்மினால் மேலே நாலு வீட்டுக்குக் கேட்கும். வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றேன்.

“யாராவது வாங்களேன்! கதவைத் திறங்களேன்!”

உயிர் போகும் வலி அளவில்தான் கத்தினேன். பழக்கதோஷம்.

எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைப் பட்டென்று சாத்தினார்கள். மாடிவீட்டு அக்கா மட்டும் பதில் கொடுத்தார்.

“இன்னிக்கு பிரமாதம்மா! போன வாரத்தைவிட உசத்தி. கடைசியில மட்டும் கொஞ்சம் இழுத்துட்ட!”

அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கே குடிவந்த புதிதில் வீட்டில் ஒத்திகைக்காக நான் போட்ட ஒரு கத்தலுக்குக் கட்டடமே திரண்டு வந்து கதவைத் தட்டியது. வாட்ச்மேன் கையில் கம்போடு நின்றார். மறுநாள் நானும் வீட்டுக்காரரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். பேசியதெல்லாம் அவர்தான். இவள் வேலையே இதுதான், என்ன சத்தம் கேட்டாலும் கண்டுகொள்ளாதீர்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நான் எப்படிக் கத்தினாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

போன் மறுபடி அடித்து ஓய்ந்தது.

“அக்கா, நிஜமாவே மாட்டிக்கிட்டேன்!”

“இது புது வசனமா? நம்பற மாதிரியே இருக்கு!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினேன். கெஞ்சினேன். கடைசியில் அழுகையே வந்துவிட்டது. அக்கா கைதட்டினார். அடக் கடவுளே, நான் கற்ற தொழிலே எனக்கு வினையாக வந்து நிற்கிறதே! தொண்டை வேறு கரகரக்கத் தொடங்கியது. கப்பல் தலைவிக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த தொண்டை அது. இன்னும் கொஞ்சம் கத்தினால், கதவு திறந்தாலும் பேசக் குரல் இருக்காது.

வாளிமேல் நின்றபடியே யோசித்தேன். எந்தக் கேமிலும் எந்தப் பெண்ணும் பேசாத ஒன்றைப் பேச வேண்டும். அண்ணாந்தபோது கூரையில் பழுப்பாக ஓர் ஈரத் திட்டு கண்ணில் பட்டது.

“அக்கா, உங்க பாத்ரூம் தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஒழுகுது.”

அக்காவின் குரல் சட்டென்று மாறியது.

“எங்க வீட்டுதா? சும்மா சொல்லாத. போன மாசம்தானே பிளம்பர் வந்து பார்த்துட்டுப் போனார்?”

“பார்த்து என்ன பிரயோஜனம்? இப்பவும் சொட்டுது. வெளியில போக முடியாம அதைத்தான் பார்த்துட்டு நிக்கிறேன். பதினொரு மணிக்கு நான் வேலைக்குப் போகணும்க்கா.”



“ஐயையோ, அப்போ நெஜமாவா? பைத்தியக்காரி மாதிரி கைதட்டிட்டு இருந்தேனே! இரு, பயப்படாத. உன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடறேன். தங்கமான மனுஷன், ஓடி வந்து திறந்துடுவார்.”

சரி என்று சொல்லியிருக்கலாம். அவர் வருவார். கதவு பழசு என்பார். அக்காவுக்கு நன்றி சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன். அதற்குள் கப்பல் அந்தப் பெண்ணுடையதாகியிருக்கும்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செருமிவிட்டுச் சொன்னேன்.

“அவருக்கு வேணாம்க்கா. ஆளைக் கூப்பிட்டு வாசல் பூட்டை உடைக்கச் சொல்லுங்க.”

“எதுக்கும்மா உடைக்கணும்? அவர்கிட்ட சாவி இருக்குமே?”

“இருக்கு. இன்னிக்கும் அவர்தான் இந்தக் கதவுக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிருக்கார்.”