வெள்ளிப் பெரணி

பெரியநாச்சியின் புருஷன் காணாமல் போய் மூன்று நாளாகிறது. தேடப் போன கொழுந்தன் குருசாமி வந்து வாசலில் நின்றான். “தேயிலைக்காடு பூரா சலிச்சாச்சு மதினி. ஓடைப்பள்ளம் ஒண்ணுதான் பாக்கி. அங்க நான் எறங்கவே இல்ல.” சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினான். அவன் முதுகில், நீலச் சட்டையில், வெள்ளிப் பெரணியின் இலை ஒன்று நரம்பு பிசகாமல் வெள்ளைப் பொடியாகப் பதிந்திருந்தது. பிள்ளைகள் கையில் வைத்து அச்சுப் போட்டு விளையாடும் இலை, அழுத்தாமல் ஒட்டாது. அந்த எஸ்டேட்டில் ஓடைப்பள்ளத்து ஈரக்கரையை விட்டால் அது வேறெங்கும் முளைப்பதில்லை. “வாங்க, பள்ளத்தையும் பாத்துட்டு வந்துருவோம்,” என்றான். அங்கே போக ஒற்றையடிப் பாதைதான். “நீங்க முன்னால போங்க தம்பி,” என்றாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான். “இல்ல மதினி, நீங்க நடங்க. நான் பின்னாலயே வர்றேன்.”