மத்தியான நிலா

"வீட்ல எத்தன ஏசி ஓடுதுக்கா?"

மெயின் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு லைட்மேன் கதிரவன் கேட்டான்.

"ஒண்ணுதான்" என்றாள் ஷைலா.

மாடியில் இன்னொன்று இருந்தது. சொன்னால் மேலே போய்ப் பார்ப்பான். குறும்படம் எடுக்க வந்திருக்கும் அவள் தம்பி சாம்சுந்தரும் பின்னாலேயே போவான். அங்கே ஒற்றைக் கட்டில், கொடியில் அவள் கணவர் ஜேசுதாசனின் சட்டைகள். பொழுது சாய்வதற்குள் காரியாபட்டியில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்துவிட்டு வருகிறவர் பகலில் நிம்மதியாகத் தூங்கவென்று மாடிக்குப் போனார். பகல் டூட்டிக்கு மாறிய பிறகும் இறங்கி வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

கதிரவன் மோட்டார், கிரைண்டர், ஹீட்டர் சுவிட்சுகளின் மேல் சிவப்பு டேப் ஒட்டினான். பெரிய லைட் இரண்டையும் வேறு வேறு லைனில் செருகினான்.

"இத யாரும் தொடப்படாது. விஸ்வநத்தத்துக்காரன் நான். பட்டாசு ஊரு. அங்க பொறியக் கண்டா ஓடிட்டுத்தான் மத்த பேச்சு."

ஜன்னல்களைக் கறுப்புத் துணி மூடியது. வெளியே மே மாத வெயில். உள்ளே லைட்டைப் போட்டதும் சுவரில் நிலா விழுந்தது.

ஷைலா கதவோரம் நின்றாள். அவள் வீட்டு நாற்காலி, அவள் வீட்டுச் சுவர், எல்லாம் நீலமாய், தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தன. படத்தில் இது நேற்றுக் கல்யாணம் ஆனவர்கள் குடியிருக்கும் வீடு. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதுகூட வேறு யாருடையதோ போலிருந்தது.

அப்போதுதான் மாடியில் அந்த மெல்லிய உறுமல் கேட்டது.

ஜேசுதாசன் சாயங்காலம்தான் வருவார் என்று நினைத்திருந்தாள். வெளிப்படிக்கட்டு வழியாக வந்து ஏசியைப் போட்டிருக்கிறார்.

சொல்லிவிடலாம். சொன்னால் தம்பி மாடி ஏறுவான்.

நிலா ஒரு கணம் மங்கியது. பிறகு அணைந்தது.

இருட்டில் கதிரவன் போர்டைத் தடவினான். "வயரு கொதிக்குது. கூட என்னமோ ஓடுதுக்கா. என்னன்னு தெரியாம மெயினப் போட மாட்டேன்."

"நான் மேல போயிப் பாக்குறேன்" என்று சாம்சுந்தர் கிளம்பினான்.

"இருலே... மேல..." ஷைலா குறுக்கே கையை நீட்டினாள்.

வாசல் கதவு திறந்தது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு ஜேசுதாசன் நின்றார். கக்கத்தில் தலையணை.

"அத்தான், நிலாவ அணைச்சுப்புட்டீகளே!" என்றான் சாம்சுந்தர்.

ஜேசுதாசன் சிரிக்கவில்லை. ஷைலாவின் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"ஒங்கக்கா எங்க ரூம ஒன் ஹீரோயினுக்கு மேக்கப் போடக் குடுத்துட்டா. நான் எங்கனலே படுக்க? மேல போயி ஏசியப் போட்டேன். அணைச்சிட்டுத்தான் வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நிலா திரும்ப வந்தது.

எங்க ரூம். அந்தச் சொல் நிலாவோடு சேர்ந்து கூடத்திலேயே கிடந்தது.

படப்பிடிப்பு முடிந்ததும் கதிரவன் கீழே ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்தான். "இனி எதையும் போட்டுக்கலாம்க்கா. லைட்டுகதான் பாரம். ரெண்டு ஏசியையும் ஒங்க வீட்டு லைன் நல்லாவே தாங்கும்."

அவர்கள் வண்டி கிளம்பிய பிறகு, காய்ந்த துணி எடுக்க ஷைலா மாடிக்குப் போனாள்.

கட்டிலில் தலையணை இல்லை. கொடியில் சட்டைகள் இல்லை.

ஏசி சுவிட்சின் மேல் குறுக்காக ஒரு துண்டு சிவப்பு டேப்.

கதிரவன் மாடிப்படி ஏறவே இல்லை.

டேப்பின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. ஷைலா அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.